செட் டாப் பாக்ஸில் ரெக்கார்ட் செய்ததை கம்ப்யூட்டருக்குக் கொண்டுவருவது எப்படி? முழுமையான வழிகாட்டி

என் அக்கா பள்ளியில் படிக்கும்போது ஒரு டிவி வினாடி வினா நிகழ்ச்சியில் கலந்துகொண்டாள். அதை எங்கள் வீட்டு செட் டாப் பாக்ஸில் ஒரு பென் டிரைவைச் சொருகி ரெக்கார்ட் செய்து வைத்திருந்தோம். சில வருடம் கழித்து பெட்டி பழுதானதும் அந்த பென் டிரைவை கம்ப்யூட்டரில் சொருகினோம், உடனே ‘இந்த டிஸ்க்கைப் பயன்படுத்த முதலில் ஃபார்மேட் செய்ய வேண்டும், செய்யலாமா?’ என்று ஒரு சின்ன விண்டோ வந்தது. டிஸ்க் கெட்டுவிட்டது போல என்று நினைத்து சித்தப்பா ‘சரி’ என்று அழுத்திவிட்டார். பென் டிரைவுக்கு ஒன்றும் ஆகியிருக்கவில்லை. விண்டோஸுக்குப் படிக்கத் தெரியாத முறையில் அந்தப் பெட்டி அதை ஃபார்மேட் செய்திருந்தது, அவ்வளவுதான். அது எங்களுக்குத் தெரியவந்தபோது ரெக்கார்டிங் போயிருந்தது.

அதனால் வேறு எதையும் சொல்வதற்கு முன் இதைச் சொல்லிவிடுகிறேன். இந்த வேலை முடியும்வரை கம்ப்யூட்டர் ‘ஃபார்மேட்’, ‘இனிஷியலைஸ்’, ‘ரிப்பேர்’ என்று எதைக் கேட்டாலும் ‘வேண்டாம்’ என்றே அழுத்துங்கள். பெட்டியில் இருப்பதை ஒரு பைட்கூட மாறாமல் அப்படியே கம்ப்யூட்டருக்குள் கொண்டுவருவது முதல் வேலை. விளம்பரத்தை வெட்டுவது, எம்பி4 ஆக்குவது, அளவைக் குறைப்பது எல்லாம் அசல் பத்திரமாக வந்து சேர்ந்த பிறகு நிதானமாகச் செய்யலாம்.

உங்கள் பெட்டி எந்த ரகம்?

வழி எது என்பது பெட்டியைப் பொறுத்தது, அதனால் இதில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். யுஎஸ்பி துளையில் பென் டிரைவோ வெளி ஹார்ட் டிஸ்க்கோ சொருகி ரெக்கார்ட் செய்யும் பெட்டிகள் ஒரு ரகம். உள்ளேயே ஹார்ட் டிஸ்க் இருந்து, வீட்டு நெட்வொர்க்கிலும் இணையும் பெட்டிகள் இன்னொரு ரகம். மூன்றாவது, சந்தா கட்டிப் பார்க்கும் சேவை நிறுவனம் கொடுத்த பெட்டி. இதில் ரெக்கார்டிங் பூட்டப்பட்டிருக்கும், அந்தப் பூட்டின் சாவி அந்த ஒரு பெட்டிக்குள் மட்டும்தான் இருக்கும். அதே நிறுவனத்தின் அதே மாடல் பெட்டியில் சொருகினால்கூட ஓடாது.

எந்த ரகம் என்று கண்டுபிடிக்க ஒரு சோதனை போதும். முக்கியமான ரெக்கார்டிங் இருக்கும் டிஸ்க்கைத் தொட வேண்டாம். வேறொரு காலி பென் டிரைவை எடுத்து, இலவச சேனல் ஒன்றை 2 நிமிடம், கட்டண சேனல் ஒன்றை 2 நிமிடம் ரெக்கார்ட் செய்து, கம்ப்யூட்டரில் சொருகி விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரில் திறந்து பாருங்கள். இரண்டும் ஓடினால் உங்களுக்குப் பாதி வேலை முடிந்தது. இலவச சேனல் மட்டும் ஓடி மற்றது ஓடாவிட்டால் கட்டண சேனலுக்கு மட்டும் பூட்டு இருக்கிறது. இரண்டுமே ஓடாவிட்டால் பெட்டி எல்லாவற்றையும் பூட்டுகிறது என்று அர்த்தம். விஎல்சியில் நேரம் மட்டும் நகர்ந்து திரை கறுப்பாகவே இருந்தாலோ, கலர் கட்டங்களாகச் சிதறினாலோ அதுவும் பெரும்பாலும் பூட்டின் அடையாளம்தான்.

இன்னும் உறுதியாகத் தெரிய வேண்டுமென்றால் ஃபைலின் உள்ளேயே எட்டிப் பார்க்கலாம். டிஜிட்டல் ஒளிபரப்பு வருவது டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம் என்ற வடிவத்தில், அதாவது 188 பைட் அளவுள்ள சின்னச் சின்னப் பொட்டலங்களாக. ஒவ்வொரு பொட்டலத்தின் முதல் பைட்டும் ஹெக்ஸ் கணக்கில், அதாவது 16ஐ அடிப்படையாகக் கொண்ட எண் முறையில், 47. ஃபைலின் பைட்களை அப்படியே எண்களாகக் காட்டும் ஹெக்ஸ் எடிட்டர் ஒன்றில் ஃபைலைத் திறந்தால் அந்த 47, வலது பக்கம் ஆங்கிலப் பெரிய எழுத்து ‘ஜி’ ஆகத் தெரியும். 188 பைட்டுக்கு ஒரு முறை அந்த ‘ஜி’ தவறாமல் வந்தால் அது டிரான்ஸ்போர்ட் ஸ்ட்ரீம்தான். சில பெட்டிகள் ஒவ்வொரு பொட்டலத்துக்கும் முன்னால் 4 பைட் நேரக் குறிப்பு சேர்ப்பதால் இடைவெளி 192 ஆக இருக்கும், அதுவும் சரிதான். ஒழுங்கே இல்லாமல் கண்டபடி எழுத்துகள் கொட்டிக் கிடந்தால் ஃபைல் முழுவதையும் பெட்டி பூட்டியிருக்க வாய்ப்பு அதிகம். ஒன்று கவனிக்க வேண்டும், தலைப்பு பைட்களை விட்டுவிட்டு உள்ளடக்கத்தை மட்டும் பூட்டுவதும் உண்டு, அதனால் ‘ஜி’ வரிசையாகத் தெரிந்தாலும் விஎல்சியில் ஓடுகிறதா என்பதுதான் கடைசித் தீர்ப்பு.

இடம் எவ்வளவு வேண்டும்?

இதற்கு ஒரு சுலபமான கணக்கு இருக்கிறது. ஒளிபரப்பு வினாடிக்கு எத்தனை மெகாபிட் என்று தெரிந்தால் அதை 0.45 ஆல் பெருக்குங்கள், ஒரு மணி நேரத்துக்கு எத்தனை ஜிபி என்று வந்துவிடும். 8 மெகாபிட்டில் வரும் எச்டி சேனல் மணிக்கு 3.6 ஜிபி. 3 மெகாபிட்டில் வரும் சாதாரண சேனல் மணிக்கு 1.35 ஜிபி. அசல் ஒன்று, வெட்டிச் சுருக்கியது ஒன்று என்று வேலை நடக்கும்போது இரண்டும் சேர்ந்தே இருக்கும் என்பதால் கணக்கில் வருவதைப் போல இரண்டு மடங்கு இடம் ஒதுக்குங்கள்.

கொண்டுபோய் வைக்கும் டிஸ்க் எந்த முறையில் ஃபார்மேட் ஆகியிருக்கிறது என்பதையும் பாருங்கள். ஃபேட்32 என்றால் 4 ஜிபிக்கு மேல் ஒரே ஃபைல் ஏறாது. டிஸ்க்கில் 200 ஜிபி காலியாக இருக்கும், ஆனாலும் காப்பி பாதியில் நின்று ‘ஃபைல் மிகப் பெரியது’ என்று செய்தி வரும், பலர் டிஸ்க் பழுது என்று நினைத்துக்கொள்வது இங்கேதான். எக்ஸ்ஃபேட் அல்லது என்டிஎஃப்எஸ் முறையில் இருக்கும் டிஸ்க்கை எடுத்துக்கொண்டால் இந்தத் தொல்லையே இல்லை.

முதல் வழி: பென் டிரைவ் அல்லது வெளி ஹார்ட் டிஸ்க்

ரிமோட்டில் ரெக்கார்டிங் நின்றுவிட்டதா என்று பாருங்கள். டைமர் வைத்தது ஏதாவது ஓடிக்கொண்டிருக்கலாம். மெனுவில் ‘டிஸ்க்கைப் பாதுகாப்பாக அகற்று’ என்று இருந்தால் அதை அழுத்துங்கள், இல்லையென்றால் பெட்டியை அணைத்து ஒரு நிமிடம் விட்டுப் பிறகு உருவுங்கள். பெட்டி இன்னும் எழுதிக்கொண்டிருக்கும்போது உருவினால் கடைசி ரெக்கார்டிங் மட்டும் போகும் என்று நினைக்காதீர்கள், டிஸ்க்கின் அட்டவணையே குழம்பி எல்லாமே காணாமல் போனது போல் ஆகலாம்.

கம்ப்யூட்டரில் சொருகியதும் ஃபோல்டர் திறந்தால், உள்ளே டிஎஸ், எம்டிஎஸ், டிவிஆர் என்று முடியும் பெரிய ஃபைல்கள் இருக்கும். கூடவே சில கேபி அளவில் சின்னச் சின்ன ஃபைல்களும் இருக்கும். நிகழ்ச்சியின் பெயர், ஒளிபரப்பான நேரம், நீங்கள் நிறுத்திய இடம் போன்ற விவரங்கள் அந்தச் சின்னவற்றில்தான் இருக்கின்றன. அதனால் ஒவ்வொன்றாகப் பொறுக்காமல் ஃபோல்டரை முழுதாக இழுத்து கம்ப்யூட்டரில் போடுங்கள். இழுக்கும்போது ‘காப்பி’ செய்யுங்கள், ‘கட்’ செய்ய வேண்டாம். நடுவில் கரண்ட் போனால் கட் செய்தது எந்த நிலையில் நிற்கும் என்று சொல்ல முடியாது.

சில பெட்டிகள் ஒரே நிகழ்ச்சியை 000, 001, 002 என்று துண்டு துண்டாக எழுதும். ஒவ்வொரு துண்டாக விஎல்சியில் பார்க்கலாம், ஆனால் சேர்க்கும்போது வீடியோ எடிட்டருக்குள் போட்டு ஒட்டாதீர்கள். பெட்டி அளவு பார்த்து வெட்டியிருக்கிறதே தவிர படம் முடியும் இடம் பார்த்து வெட்டவில்லை, ஒரு பொட்டலத்தின் பாதி இந்தத் துண்டிலும் மீதி அடுத்த துண்டிலும் இருக்கலாம். அதனால் பைட்டோடு பைட்டாக அப்படியே ஒட்ட வேண்டும். விண்டோஸில் கமாண்ட் விண்டோவைத் திறந்து, ‘காப்பி’ கட்டளையை ஆங்கிலத்தில் எழுதி, இடைவெளி விட்டு சாய்வுக்கோடும் ‘பி’ எழுத்தும் போட்டு, துண்டுகளின் பெயர்களை வரிசையாக நடுவில் கூட்டல் குறியோடு எழுதி, கடைசியில் புதிய ஃபைலின் பெயரைக் கொடுத்தால் போதும். அந்த ‘பி’ விட்டுப்போகக் கூடாது, அது இல்லாவிட்டால் கம்ப்யூட்டர் அவற்றை எழுத்து ஃபைல் என்று எடுத்துக்கொண்டு பாதியிலேயே நிறுத்திவிடலாம். மேக், லினக்ஸ் இரண்டிலும் ‘கேட்’ கட்டளை இதே வேலையைச் செய்யும். ஒட்டிய பிறகு புதிய ஃபைலின் அளவு, துண்டுகளின் அளவைக் கூட்டினால் வருவதோடு பைட் கணக்கில் பொருந்த வேண்டும்.

டிஸ்க்கே திறக்கவில்லை, ஃபார்மேட் செய்யச் சொல்கிறது என்றால்

எங்கள் வீட்டில் நடந்தது இதுதான். நிறைய பெட்டிகளின் உள்ளே ஓடுவது லினக்ஸ், விண்டோஸ் மாதிரி இன்னொரு இயங்குதளம். அதனால் டிஸ்க்கை இஎக்ஸ்டி3, இஎக்ஸ்டி4, எக்ஸ்எஃப்எஸ் மாதிரியான லினக்ஸ் முறைகளில் ஃபார்மேட் செய்யும். விண்டோஸும் மேக்கும் அவற்றைத் தாமாகப் படிக்காது. இதற்காக உங்கள் கம்ப்யூட்டரில் எதையும் மாற்ற வேண்டியதில்லை, லினக்ஸை ஒரு பென் டிரைவிலிருந்தே ஓட்டலாம்.

லினக்ஸின் ஒரு வகையான உபுண்டுவை அதன் அதிகாரபூர்வத் தளத்திலிருந்து டவுன்லோடு செய்து, ரூஃபஸ் அல்லது பலேனா எட்ச்சர் மூலம் ஒரு காலி பென் டிரைவில் எழுதுங்கள். 8 ஜிபிக்குக் குறையாமல் இருக்கட்டும். இந்த இடத்தில் ரெக்கார்டிங் இருக்கும் டிஸ்க் கம்ப்யூட்டரில் சொருகியே இருக்கக் கூடாது, ஏனென்றால் ரூஃபஸ் பட்டியலில் தவறான டிஸ்க்கைத் தேர்ந்தெடுத்தால் அதை அழித்துவிட்டுத்தான் எழுதும். பிறகு கம்ப்யூட்டரை ‘ரீஸ்டார்ட்’ செய்து, பூட் மெனு விசையை அழுத்தி அந்த பென் டிரைவைத் தேர்ந்தெடுங்கள். அது எந்த விசை என்பது கம்ப்யூட்டருக்குக் கம்ப்யூட்டர் மாறும், எஃப்12, எஃப்2, எஃப்10, எஸ்கேப் போன்றவற்றில் ஒன்றாக இருக்கும். ‘ஷட் டவுன்’ செய்து திறப்பதைவிட ‘ரீஸ்டார்ட்’ நல்லது. விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி ஷட் டவுன் செய்தாலும் டிஸ்க்கை முழுமையாக மூடாமல் வைத்திருக்கும், அந்த நிலையில் லினக்ஸ் உங்கள் விண்டோஸ் டிரைவில் எழுத மறுக்கும்.

திரையில் வரும் கேள்விகளில் ‘முயற்சித்துப் பார்’ என்ற பொருள்படும் ‘டிரை உபுண்டு’வைத் தேர்ந்தெடுங்கள், ‘இன்ஸ்டால்’ பக்கம் போகாதீர்கள். டெஸ்க்டாப் வந்ததும் ரெக்கார்டிங் டிஸ்க்கைச் சொருகினால் ஃபைல் மேனேஜரின் இடது பக்கத்தில் அது தெரியும். எக்ஸ்ஃபேட் முறையில் இருக்கும் இன்னொரு வெளி டிஸ்க்கையும் சொருகி, இதிலிருந்து அதற்குக் காப்பி செய்யுங்கள். அவ்வளவுதான்.

எங்கள் பென் டிரைவ் போன பிறகு, சித்தி வீட்டிலும் அன்றைக்கு அதே நிகழ்ச்சியை ரெக்கார்ட் செய்திருந்தார்கள் என்று தெரிந்து போய்க் கேட்டேன். அவர்களுடைய டிஸ்க்கைச் சொருகியதும் அதே ஃபார்மேட் விண்டோ வந்தது. சித்தி என் கையைப் பிடித்துக்கொண்டே நின்றார். ‘கேன்சல்’ அழுத்தி, உபுண்டுவில் திறந்தபோது தேதியும் சேனல் பெயருமாக வரிசையாக 61 ஃபைல்கள், அதில் 19ஆவது அக்காவுடையது.

இரண்டாவது வழி: நெட்வொர்க்

பெட்டியும் கம்ப்யூட்டரும் ஒரே ரவுட்டரில் இணைந்திருந்தால் டிஸ்க்கைக் கழற்றவே தேவையில்லை. பெட்டியின் நெட்வொர்க் மெனுவில் அதன் ஐபி முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள், நான்கு எண்களுக்கு நடுவில் புள்ளி வைத்து இருக்கும்.

ட்ரீம்பாக்ஸ், வியூ பிளஸ் போன்ற, எனிக்மா2 மென்பொருளில் ஓடும் பெட்டி வைத்திருப்பவர்களுக்கு இது ரொம்ப சுலபம். பிரவுசரில் அந்த ஐபி முகவரியைத் தட்டினால் ஓபன்வெப்இஃப் என்ற பக்கம் திறக்கும் (அது இல்லாத பெட்டியில் பிளக்இன் ஆகச் சேர்த்துக்கொள்ளலாம்), அதில் ரெக்கார்டிங் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்திலேயே டவுன்லோடு இருக்கும். மொத்தமாக எடுக்க வேண்டுமென்றால் எஃப்டிபி என்ற ஃபைல் அனுப்பும் முறை நல்லது. அதற்கான ஃபைல்ஜில்லா மென்பொருளில் ஐபி முகவரி, பயனர் பெயர், பாஸ்வேர்டு கொடுத்து உள்ளே போய் ‘மீடியா’, அதற்குள் ‘எச்டிடி’, அதற்குள் ‘மூவி’ என்று போனால் எல்லாம் அங்கே இருக்கும். பயனர் பெயர் பெரும்பாலும் ‘ரூட்’, பாஸ்வேர்டு நீங்கள் வைத்ததுதான். டிஎஸ் ஃபைலோடு ‘மெட்டா’, ‘இஐடி’, ‘கட்ஸ்’ என்று முடிபவற்றையும் சேர்த்து எடுங்கள். மாற்றும் முறையை ‘பைனரி’ என்றே வைத்துவிடுங்கள்.

வைஃபையை நம்பாமல் கேபிள் போட்டுவிடுங்கள். பெட்டியின் நெட்வொர்க் துளை 100 மெகாபிட் என்றால் நடைமுறையில் வினாடிக்கு சுமார் 11 எம்பி வரும், 40 ஜிபி எடுக்க ஒரு மணி நேரம் ஆகும். ரவுட்டரும் கம்ப்யூட்டரும் எவ்வளவு வேகமாக இருந்தாலும் பெட்டியின் துளை என்ன வேகமோ அதுதான் கிடைக்கும். கம்ப்யூட்டர் ஸ்லீப்புக்குப் போகாமலும் பெட்டி தானாக அணையாமலும் பார்த்துக்கொள்ளுங்கள்.

சில பெட்டிகள் டிஎல்என்ஏ மூலம் ரெக்கார்டிங்கை வீட்டில் இருக்கும் மற்ற கருவிகளுக்குக் காட்டும். விஎல்சியின் பிளேலிஸ்ட் பக்கத்தில் உள்ளூர் நெட்வொர்க் பகுதியில் பெட்டியின் பெயர் தெரிந்தால், ஓட்டிப் பார்க்க மட்டுமல்ல, ‘கன்வர்ட் / சேவ்’ மூலம் சேமிக்கவும் முடியும். பூட்டிய ரெக்கார்டிங் இந்த வழியில் வராது.

பெட்டியைப் பிரித்து உள் ஹார்ட் டிஸ்க்கை எடுக்கலாமா?

பெட்டி உங்கள் சொந்தப் பொருளாக இருந்து, செத்துப்போயும் இருந்தால் மட்டும் யோசியுங்கள். வாடகைக்கோ சந்தாவோடோ வந்த பெட்டி நிறுவனத்தின் சொத்து, பிரிக்க உங்களுக்கு உரிமை இல்லை, பிரித்தாலும் உள்ளே இருப்பது பூட்டியதாகத்தான் இருக்கும்.

பிரிப்பதென்றால் கரண்ட் ஒயரை உருவிவிட்டு நன்றாக நேரம் விடுங்கள். உள்ளே இருக்கும் பவர் சப்ளை பலகையில் பெரிய கெப்பாசிட்டர்கள் மின்சாரத்தைப் பிடித்து வைத்திருக்கும், பிளக்கை உருவிய பிறகும் அவை ஷாக் அடிக்கும். அந்தப் பலகையில் கை வைக்க வேண்டாம். ஹார்ட் டிஸ்க்கை மட்டும் கழற்றி, சாட்டா டு யுஎஸ்பி அடாப்டரில் பொருத்தி, உபுண்டுவில் மேலே சொன்னபடி திறக்கலாம். டிஸ்க் ‘டிக் டிக்’ என்று சத்தம் போட்டாலோ, காப்பி அடிக்கடி திணறி நின்றாலோ ஃபைல் ஃபைலாக எடுக்க முயலாதீர்கள். ஒவ்வொரு முயற்சியும் அந்த டிஸ்க்கின் மிச்ச ஆயுளைத் தின்கிறது. டிடிரெஸ்க்யூ என்ற கருவி நன்றாக இருக்கும் பகுதிகளை முதலில் எடுத்துவிட்டு, கெட்ட பகுதிகளுக்குக் கடைசியில் திரும்பி வரும். அதை வைத்து முழு டிஸ்க்கையும் ஒரு இமேஜ் ஃபைலாக எடுத்து, அந்த இமேஜில் மற்ற வேலைகளைச் செய்யுங்கள்.

பூட்டிய பெட்டி: ஓடவிட்டுப் பிடிப்பது

இங்கே கொஞ்சம் சட்டம். வீட்டில் பிறகு பார்ப்பதற்காக டிவி நிகழ்ச்சியை ரெக்கார்ட் செய்வது நியாயமான பயன்பாடுதான் என்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1984இல் பீட்டாமேக்ஸ் வழக்கில் 5-4 என்ற கணக்கில் சொன்னது. ஆனால் 1998இல் அதே நாட்டில் வந்த டிஎம்சிஏ சட்டம் டிஜிட்டல் பூட்டை உடைப்பதைத் தனிக் குற்றமாக்கியது, வேறு பல நாடுகளிலும் இது போன்ற சட்டம் இருக்கிறது. ஆகவே ரெக்கார்ட் செய்ய உரிமை இருப்பதும் பூட்டை உடைக்க உரிமை இருப்பதும் ஒன்றல்ல. நீங்கள் இருக்கும் நாட்டின் விதியைப் பார்த்துக்கொள்ளுங்கள். பூட்டை உடைக்கும் வழிகளை நான் இங்கே எழுதவில்லை.

எச்டிஎம்ஐ கேபிளை கேப்சர் கார்டில், அதாவது வரும் படத்தைக் கம்ப்யூட்டரில் பதியும் கருவியில், சொருகினால் பெரும்பாலும் கறுப்புத் திரைதான் கிடைக்கும், எச்டிசிபி என்ற பாதுகாப்பு அதைத் தடுக்கிறது. கார்டு பழுது என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருக்க வேண்டாம். பெட்டியின் பின்னால் மஞ்சள், வெள்ளை, சிவப்பு நிறத்தில் பழைய ஏவி துளைகள் இருக்கிறதா பாருங்கள். மஞ்சளில் படம், வெள்ளையில் இடது பக்க ஒலி, சிவப்பில் வலது பக்க ஒலி. இதிலிருந்து வருவது எச்டி தரம் கிடையாது, 720×576 அல்லது 720×480 தான். ஆனாலும் குடும்பத்தில் ஒருவர் வரும் நிகழ்ச்சி என்றால் அதுவே பெரிய விஷயம்.

யுஎஸ்பி வீடியோ கேப்சர் ஒன்றும், அதில் வருவதைப் பதிய ஓபிஎஸ் ஸ்டுடியோ என்ற இலவச மென்பொருளும் இருந்தால் போதும். மூன்று துளைக்குப் பதில் ஹெட்ஃபோன் மாதிரி ஒரே துளை இருக்கும் பெட்டிகளில் ஒரு சிக்கல் உண்டு, அதற்கான கேபிளில் எந்த வளையத்தில் எந்த சிக்னல் என்பது தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறும். படம் வராமல் ஸ்பீக்கரில் ‘உர்ர்’ என்று சத்தம் மட்டும் வந்தால் மஞ்சளையும் சிவப்பையும் மாற்றிச் சொருகிப் பாருங்கள், ஒலி வரும் கம்பியில் படம் போய்க்கொண்டிருக்கும். படம் கறுப்பு வெள்ளையாக வந்தாலோ மேலும் கீழும் உருண்டாலோ பெட்டியில் ‘பிஏஎல்’ (பால்) என்றும் கேப்சரில் ‘என்டிஎஸ்சி’ என்றும் இருக்கலாம், இவை இரண்டு வெவ்வேறு டிவி சிக்னல் முறைகள், இரண்டு இடத்திலும் ஒரே முறையை வையுங்கள்.

ஓபிஎஸ்ஸில் ‘சோர்ஸஸ்’ பகுதியில் வீடியோ கேப்சர் கருவியைச் சேர்த்துவிட்டு, 576 வரி என்றால் கேன்வாஸ் அளவை அகலத் திரை நிகழ்ச்சிக்கு 1024×576, பழைய சதுரத் திரை நிகழ்ச்சிக்கு 768×576 என்று வையுங்கள். வரும் படம் 720 அகலத்தில்தான் இருக்கும், அதை கேன்வாஸ் முழுக்க இழுத்துவிடுங்கள், இல்லையென்றால் எல்லோரும் ஒல்லியாகவோ குண்டாகவோ தெரிவார்கள். கை அசையும்போது விளிம்பில் சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரியும். ஒளிபரப்பு ஒரு ஃபிரேமை ஒற்றை வரி, இரட்டை வரி என்று இரண்டு பாதியாக அனுப்புவதால் வருவது அது. சோர்ஸ் மேல் வலது கிளிக் செய்து ‘டீஇன்டர்லேசிங்’ பகுதியில் ‘யாடிஃப் 2எக்ஸ்’ தேர்ந்தெடுத்து, வேகத்தை வினாடிக்கு 50 ஃபிரேம் என்று வைத்தால் அசைவு வழவழப்பாக வரும்.

ரெக்கார்டிங் வடிவம் எம்கேவி ஆக இருக்கட்டும். சாதாரண எம்பி4 ஃபைல் முறையாக மூடப்படாவிட்டால் திறக்காது, அதாவது இரண்டு மணி நேர வேலையின் கடைசி நிமிடத்தில் கம்ப்யூட்டர் நின்றாலும் மொத்தமும் போகும். எம்கேவி என்றால் நின்ற இடம்வரை இருக்கும்.

உடனே முழு நிகழ்ச்சியையும் ஓடவிட வேண்டாம். 10 நிமிடம் மட்டும் பிடித்து, அதன் கடைசி நிமிடத்தில் பேசுகிறவரின் உதட்டையும் குரலையும் கவனியுங்கள். குரல் முந்தியோ பிந்தியோ வந்தால் ஓபிஎஸ்ஸின் ஒலி அமைப்புகளில் மில்லிசெகண்டு கணக்கில் நகர்த்தலாம். ஒலி அளவுக் கோடு சிவப்பைத் தொடக் கூடாது. அப்புறம், பெட்டியின் மெனுவில் ‘ஆட்டோ ஸ்டாண்ட்பை’ இருந்தால் அதை அணைத்துவிடுங்கள். சில மணி நேரம் ரிமோட்டைத் தொடாவிட்டால் பெட்டி தூங்கப் போகிறது, நடுவில் திரையில் ‘இன்னும் பார்க்கிறீர்களா?’ என்று பெட்டி கேட்பது உங்கள் வீடியோவிலும் பதிந்துவிடும். கம்ப்யூட்டரின் நோட்டிஃபிகேஷன், ஸ்லீப், ஸ்கிரீன் சேவர் எல்லாவற்றையும் நிறுத்துங்கள். ரெக்கார்டை முதலில் அழுத்தி, ஒரு 10 வினாடி விட்டு, பிறகு பெட்டியில் பிளே கொடுங்கள், முன்னால் வரும் அந்த மெனுவை வெட்டுவது சுலபம்.

படம் வந்து, ஆனால் வெளிச்சம் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தால் அனலாக் வழியிலும் காப்பித் தடை போட்டிருக்கிறார்கள். அங்கே நிறுத்திவிட்டு, சேனலின் அதிகாரபூர்வத் தளத்திலோ ஆப்பிலோ அந்த நிகழ்ச்சி இருக்கிறதா என்று தேடுங்கள், அல்லது சேனலுக்கே எழுதிக் கேளுங்கள். நிகழ்ச்சியில் கலந்துகொண்டவர் பெயரும் ஒளிபரப்பான தேதியும் நேரமும் தெளிவாகக் குறிப்பிட்டால் தேடுகிறவர்களுக்கு வேலை குறையும்.

வந்து சேர்ந்த பிறகு

முதலில் சரிபார்க்க வேண்டும். இரண்டு பக்கமும் பைட் கணக்கில் அளவு ஒன்றா என்று பாருங்கள். இன்னும் நிச்சயம் வேண்டுமென்றால் 7-ஜிப் நிறுவியிருந்தால் வலது கிளிக்கிலேயே எஸ்எச்ஏ-256 என்ற, ஃபைலின் கைரேகை மாதிரியான எண்ணைக் கணக்கிடும், இரண்டு எண்ணும் ஒன்றாக இருந்தால் ஒரு பைட்கூட மாறவில்லை. பிறகு விஎல்சியில் ஆரம்பம், நடு, கடைசி மூன்று இடத்திலும் சில நிமிடம் ஓட்டுங்கள்.

சில ரெக்கார்டிங் 1 மணி நேரம் என்றாலும் 26 மணி நேரம் என்று காட்டும், நடுவில் குதித்தால் வேறெங்கோ போகும். ஃபைல் கெட்டுப்போகவில்லை. ஒளிபரப்பில் வரும் நேரக் குறிப்பு 33 பிட் எண், வினாடிக்கு 90,000 என்று எண்ணிக்கொண்டே போய் சுமார் 26.5 மணி நேரத்துக்கு ஒரு முறை நிரம்பி பூஜ்யத்துக்குத் திரும்பும். அந்தத் திருப்பம் உங்கள் நிகழ்ச்சியின் நடுவில் வந்திருக்கும். கீழே சொல்லும்படி வேறு உறைக்கு மாற்றினால் பெரும்பாலும் சரியாகிவிடும்.

உறை மாற்றுவது வேறு, கன்வர்ட் செய்வது வேறு, இதை மட்டும் நன்றாகப் பிடித்துக்கொள்ளுங்கள். டிஎஸ் ஃபைலுக்குள் இருக்கும் படத்தையும் ஒலியையும் தொடாமல் அப்படியே எடுத்து எம்கேவி என்ற உறைக்குள் வைப்பது சில நிமிட வேலை, தரம் இம்மியும் குறையாது. எம்கேவிடூல்நிக்ஸ் இதைச் செய்யும், இரண்டு மொழி ஒலி இருந்தால் இரண்டும் வரும், ஒளிபரப்பின் சப்டைட்டிலும் வரும். எம்பி4 உறையில் அந்த சப்டைட்டில் உட்காராது, ஏனென்றால் அது எழுத்தாக இல்லாமல் படமாக வருகிறது. விளம்பரத்தை வெட்ட லாஸ்லெஸ்கட் நல்ல கருவி. ஒன்றைப் புரிந்துகொண்டு வெட்டுங்கள், முழுப் படமாக இருக்கும் கீஃபிரேமில் மட்டும்தான் தரம் குறையாமல் வெட்ட முடியும். வீடியோவைச் சுருக்கும் பழைய முறையான எம்பெக்-2 ஒளிபரப்பில் அரை வினாடிக்கு ஒரு கீஃபிரேம் வரும், புதிய முறையான எச்.264 சேனல்களில் இடைவெளி இன்னும் கூடலாம். அதனால் வெட்டும் இடத்தில் ஒரு வினாடி தாராளமாக விடுங்கள்.

கன்வர்ட் செய்வது இடம் பற்றாதபோது, அல்லது ஃபோனில் அனுப்ப வேண்டியபோது மட்டும். ஹேண்ட்பிரேக் என்ற மென்பொருளில் எச்.264 தேர்ந்தெடுத்து, தர எண்ணை சாதாரண சேனலுக்கு 20, முழு எச்டிக்கு 22 என்று வைத்தால் கண்ணுக்கு வித்தியாசம் தெரிவது கடினம். அந்த எண் குறையக் குறைய தரம் கூடும், அளவும் கூடும். படத்தில் சீப்புக் கோடு இருந்தால் ‘டீஇன்டர்லேஸ்’ பகுதியைத் திறந்து ‘பிடபிள்யூடிஃப்’ போடுங்கள், கன்வர்ட் செய்யும்போது இதை விட்டுவிட்டால் அந்தக் கோடு படத்திலேயே நிரந்தரமாகப் பதிந்துவிடும். கன்வர்ட் செய்ததைக் கையில் வைத்துக்கொண்டு அசல் டிஎஸ்ஸை அழிப்பதை நான் ஒத்துக்கொள்ள மாட்டேன், இடம் போனால் போகட்டும்.

ஃபைலின் பெயரில் வருடம், மாதம், நாள், சேனல், நிகழ்ச்சி என்று வரிசையாக எழுதுங்கள். வருடத்தை முன்னால் போட்டால் பட்டியல் தானாகவே தேதி வரிசையில் நிற்கும். அப்படியே யார் வருகிறார்கள், எத்தனையாவது நிமிடம் என்று ஒரு சின்ன எழுத்து ஃபைலையும் கூடவே வையுங்கள். ஒரு காப்பி கம்ப்யூட்டரில், இன்னொன்று வெளி டிஸ்க்கில், முடிந்தால் மூன்றாவதை வேறு வீட்டில் வைத்துவிடுங்கள்.

பெட்டியிலிருந்து அழிப்பதை மட்டும் கடைசிக்கு வையுங்கள், அதுவும் கம்ப்யூட்டரில் இருக்கும் ஃபைலை ஆரம்பத்திலிருந்து முடிவுவரை ஒரு முறை உட்கார்ந்து பார்த்த பிறகு. அக்காவின் நிகழ்ச்சியை அப்படி எல்லோருமாகப் பார்த்தோம். 31ஆவது நிமிடத்தில் படம் கட்டம் கட்டமாக உடைந்தது. காப்பி எடுத்ததில் தப்போ என்று பதறிப்போய் சித்தியின் டிஸ்க்கிலேயே அதே இடத்தை ஓட்டிப் பார்த்தேன், அங்கேயும் அதே உடைசல். அன்றைக்கு மழையில் சிக்னலே அப்படித்தான் வந்திருக்கிறது. 3 வினாடிதான். அது தெளிந்ததும் அக்கா பஸ்ஸரை அழுத்துகிறாள், விடை சொல்வதற்கு முன் ஒரு நொடி உதட்டைக் கடித்துக்கொள்கிறாள்.